கேளாத செவியும் அடங்காத ஒலியும்

பாரிசு மாநகரில் புனித யாக்கோபு தெருவில், செவித்திறனற்ற பிள்ளைகளுக்கான பள்ளி ஒன்று இன்றும் நடைபெற்று வருகிறது. அதன் தோற்றத்திற்கு வித்திட்டவர் ஷார்ல் மிஷேல் தெ லெப்பே என்னும் குருவானவர் (1712–1789). பேச்சும் கேள்வியும் இல்லாத சகோதரிகள் இருவர் ஞானோபதேசம் அறியாமலே வளர்வதைக் கண்டு மனம் இரங்கி, அவர் தம் இல்லத்திலேயே அத்தகைய பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டத் தொடங்கினார். பிள்ளைகள் தங்களுக்குள் கையால் பேசிக்கொள்வதை அவர் விளையாட்டென்று தள்ளவில்லை. அவர்களுடைய மொழியை முதலில் தாம் கற்றார். பிறகே தம்முடைய மொழியை அவர்களுக்குக் கற்பித்தார். அக்காலத்தில் இது பெரிய புதுமை.

அவர் இறந்த பின்னர், 1800-ஆம் ஆண்டில் அப்பள்ளியின் மருத்துவராக வந்தவர் ழான் இத்தார். காட்டில் தனியே திரிந்து பிடிபட்ட அவெரோன் சிறுவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க அரும்பாடுபட்டவர் என்று கல்வித் துறையினர் இவரை அறிவர். இதே இத்தார் 1825-இல் வேறொரு நோயைப் பற்றியும் எழுதினார். தாம்பியேர் சீமாட்டி என்ற உயர்குலப் பெண்மணிக்கு ஏழாம் வயதில் கைகள் துடிக்கத் தொடங்கின. பின்னர் முகமும் தோளும் கழுத்தும் துடித்தன. அதற்குப் பின் கூச்சல். கடைசியில், பேச்சின் நடுவே, சபையில் சொல்லத் தகாத இழிசொற்கள். எந்தச் சொல் வாயில் வந்துவிடுமோ என்று அவர் அஞ்சினாரோ, அந்த அச்சமே அச்சொல்லை நாவின் நுனிக்குக் கொணர்ந்தது என இத்தார் குறித்திருக்கிறார். இந்நோயின் துன்பத்தை இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

அறுபது ஆண்டுகள் கழித்து, 1885-இல், அதே நகரத்தின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் பணியாற்றிய ழில் தெ லா டூரெட் என்ற இளம் மருத்துவர் ஒன்பது நோயாளிகளைப் பற்றி எழுதியபோது, அச்சீமாட்டியின் வரலாற்றையும் அவர்களோடு சேர்த்துக்கொண்டார். அவருடைய ஆசிரியர் ஷார்க்கோ, மாணவரின் பெயரையே அந்நோய்க்குச் சூட்டினார். ஆகவே, காது கேளாதோர் பள்ளியின் மருத்துவரே டூரெட் நோய்க்கும் முதல் சாட்சியாக நிற்கிறார். இவ்விரு வாழ்க்கைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நாம் வலிந்து கற்பித்த பொருத்தம் அன்று.

டூரெட் நோய் பெரும்பாலும் ஐந்து முதல் பத்து வயதுக்குள் தலைகாட்டும். பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளிடம் மூன்று நான்கு மடங்கு மிகுதி. கண் சிமிட்டல், தலை வெட்டுதல், தோள் குலுக்கல் ஆகியவற்றோடு தொண்டைச் செருமல், மூக்குறிஞ்சல், கனைப்பு, சில வேளை முழுச் சொற்கள் வெளிப்படும். இழிசொல் வருவதே இந்நோய் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் பத்துப் பேரில் ஒருவருக்கோ சற்று மிகுதியாகவோதான் அது உண்டு. துடிப்பு எழுமுன் உடலில் ஓர் உறுத்தல் தோன்றும். தும்மலை அடக்குவதுபோல் அதைச் சற்று நேரம் அடக்கலாம். ஆனால் என்றும் அடக்க இயலாது. மூளையின் ஆழத்தில் அசைவுகளை ஒழுங்குசெய்யும் பகுதிகளோடு தொடர்புடைய இக்குறை பரம்பரையாகவும் வருவதுண்டு. பலருக்கு இளமைப் பருவம் கடந்தபின் தணிந்துவிடுகிறது.

இப்போது ஒப்பிட்டுப் பார்ப்போம். செவித்திறனற்றவருக்கு உலகத்தின் ஒலி உள்ளே வருவதில்லை. டூரெட் உடையவரிடமிருந்து அவர் விரும்பாத ஒலி வெளியே போகிறது. முன்னவரின் குறை கண்ணுக்குத் தெரியாது. பேருந்து நிலையத்தில் நிற்கும் நூறு பேரில் அவரை நம்மால் பிரித்தறிய இயலாது. கூப்பிட்டும் திரும்பாதபோது, "செருக்கு" என்று தவறாக எண்ணுகிறோம். பின்னவரின் குறையோ எல்லாரும் அறிய நடைபெறுவது. அவரை, "அடக்கமில்லாதவர்" என்கிறோம். முதலாமவரின் அறிவை மனிதர் ஐயுற்றனர்; இரண்டாமவரின் மனத்தையே ஐயுற்றனர்.

இந்த ஐயத்திற்குச் சமயத்தவரும் விலக்கல்லர். 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சூனியக்காரரை ஒடுக்குவதற்கென எழுதப்பட்ட நூலொன்றில், கோவிலைக் கடக்கும்போதெல்லாம் நாக்கை நீட்டிய குருவானவர் ஒருவர் பேய் பிடித்தவராகக் காட்டப்படுகிறார். அவருக்கு இருந்தது டூரெட் நோயாகலாம் என்று கருதுவோர் இன்று உண்டு. 20-ஆம் நூற்றாண்டில் பேயின் இடத்தில் தாய் நிறுத்தப்பட்டாள். வளர்ப்பின் குறையே பிள்ளையின் துடிப்புக்குக் காரணம் என்று மனப்பகுப்பாளர் பலர் கூறிவந்தனர். 1960-களில் ஹாலோபெரிடால் என்ற மருந்து துடிப்புகளைத் தணித்தபின்தான் அப்பழி மெல்ல நீங்கிற்று. முழு அறிவும் முழுச் சம்மதமும் இல்லாத செயல் சாவான பாவமாகாது என்பது நம் ஞானோபதேசப் பாடம். ஆயினும் வாய் தவறி வந்த சொல்லுக்காகப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் நடுங்கும் உள்ளங்கள் உண்டு. இந்நோயோடு வீண் ஐயங்கள் அலைக்கழிக்கும் மனக்கட்டாய நோயும் சேர்ந்து வருவது பொதுவானது.

செவித்திறனற்றோர் அடைந்த அநீதி வேறு வகை. இத்தாரே தம் மாணவரின் செவிப்பறைகளைத் துளைத்தும், மின்னோட்டம் பாய்ச்சியும், அட்டை விட்டும் பார்த்தார். ஒன்றும் பயன் தரவில்லை. சைகை மொழியின் பயனைப் பின்னாளில்தான் அவர் ஒப்புக்கொண்டார். 1880-இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு அம்மொழியை வகுப்பறையிலிருந்து விலக்கியது. அங்கு வாக்களித்தோரில் செவித்திறனற்றோர் ஏறத்தாழ இல்லை என்றே சொல்லலாம். மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் ஜூலியோ தாரா; அவரும் ஒரு குருவானவர். ஒரு குருவானவர் திறந்த கதவை மற்றொரு குருவானவர் தலைமையில் சாத்தினர் என்பதை நாம் மறைத்துப் பயனில்லை. 2010-இல் வான்கூவரில் கூடிய அதே வரிசை மாநாடு அம்முடிவுக்கு வருத்தம் தெரிவித்தது. இடையில் கழிந்தவை 130 ஆண்டுகள். கைகளைக் கட்டிக்கொண்டு உட்காரப் பணிக்கப்பட்ட தலைமுறைகள் எத்தனையோ!

எது கொடிது என்று கேட்பவர் உண்டு. துன்பத்தைத் தராசில் நிறுக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஒன்று சொல்வேன். கேளாமை தன்னளவில் ஒரு குழந்தையின் அறிவைக் குறைப்பதில்லை. முதல் ஐந்தாண்டுகள் எந்த மொழியும் கிட்டாமல் போவதே குறைக்கிறது. செவித்திறனற்ற பிள்ளைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டோர் கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றனர். வீட்டில் கைமொழி அறிந்தவர் இல்லை. அந்த மொழியைப் பெற்றுவிட்டால் பிள்ளைக்கு ஒரு சமூகமே கிடைக்கிறது: நண்பர், வாழ்க்கைத்துணை, நகைச்சுவை, வழிபாடு எல்லாம். டூரெட் உடையவருக்கு அந்த ஆறுதல் எளிதில் வாய்ப்பதில்லை. தம்மைப்போல் இன்னொருவரைக் காணாமலே பாதி வாழ்நாளைக் கழிப்போர் உண்டு.

மருந்தைப் பற்றிய தயக்கம் இரு சாராருக்கும் பொது. ஆலிவர் சாக்ஸ் என்ற நரம்பியல் மருத்துவர் இவ்விரு உலகங்களைப் பற்றியும் எழுதியவர். அவரிடம் வந்த முரசு இசைஞர் ஒருவருக்கு மருந்தால் துடிப்புகள் தணிந்தன. கூடவே அவருடைய இசையின் வேகமும் தணிந்தது. வேலை நாட்களில் மருந்தை உண்பது, வார இறுதியில் விடுவது என்று அவர் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். உள்செவிக் கருவி பொருத்துவது பற்றிச் செவித்திறனற்றோரிடையே நடந்த வாதமும் இதற்கு உறவானதே. கருவி பல பிள்ளைகளுக்கு நன்மை செய்கிறது. அதைக் காரணமாக்கிச் சைகை மொழியைப் பறிப்பதைத்தான் அவர்கள் எதிர்க்கின்றனர். அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகவே கருதுகிறேன். சாக்ஸ் விவரித்த மற்றொருவர் அறுவை மருத்துவர். நடக்கையிலும் பேசுகையிலும் துடித்த அவருடைய கைகள், கத்தியை எடுத்தபின் அசையாது நின்றன.

இவ்விரண்டும் ஒருவரிடமே சேர்வதும் உண்டு. பிறவியிலேயே கேளாத சிலருக்கு டூரெட் நோயும் இருந்ததை மருத்துவ ஏடுகள் பதிவு செய்துள்ளன. அவர்களிடம் இழிசொல் தொண்டையிலிருந்து வரவில்லை, விரல்களிலிருந்து வந்தது. உரையாடலின் நடுவே கை தானாக அச்சொல்லின் சைகையைக் காட்டிற்று. குறை குரல்வளையில் இல்லை, மொழி பிறக்கும் இடத்திற்கு அருகில் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. கைமொழியும் முழு மொழியே என்பதற்கும் இதுவே சான்று.

நம் ஆலயங்களில் இவ்விருவரும் எங்கே அமர்கின்றனர்? ஒலிபெருக்கியை உயர்த்துவதால் முற்றும் கேளாதவருக்குப் பயனில்லை. வாசிப்பவரின் முகத்தில் வெளிச்சம் விழுந்தால், வாயசைவு தெரிந்தால், அருகில் ஒருவர் கைமொழியில் பெயர்த்துச் சொன்னால் போதும். எழுந்தேற்றத்தின் பேரமைதியில் அவர் எல்லாரோடும் சமமாய் முழந்தாளிடுகிறார். டூரெட் உடைய பிள்ளைக்கோ அந்த அமைதியே சோதனை. அமைதி ஆழமாக ஆக உறுத்தல் மிகுகிறது. மாற்கு நற்செய்தியின் 7-ஆம் அதிகாரத்தில், கேளாத மனிதரைக் குணமாக்குமுன் நம் ஆண்டவர் அவரைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் செல்கிறார். வேடிக்கை பார்க்கும் கண்கள் அங்கே இல்லை. பக்கவாயிலின் அருகே ஓர் இருக்கை, வெளியே சென்று மீண்டும் வரலாம் என்ற அனுமதி, திரும்பிப் பார்க்காத அயலார் — அப்பிள்ளைக்கு வேண்டியவை இவ்வளவே.

பெற்றோருக்கு ஒரு செய்தி. ஒரு மணி நேரம் ஆலயத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கிய பிள்ளை, வீட்டு வாசலைத் தாண்டியதும் அடக்கியவை அனைத்தையும் வெளியிடும். "வெளியே ஒழுங்காக இருக்கிறான், என்னிடம்தான் இப்படி" என்று தாய் வருந்துகிறாள். ஆனால் தன்னிடம் அஞ்ச வேண்டியதில்லை என்று அவன் அறிந்த ஒரே இடம் அதுதான்.