‘கிழக்குச் சாளரம்’: கான்டனீசுத் தொடர் ஒன்றன் பொருளும் ஆட்சியும்

கான்டனீசு எழுத்து வழக்கில் ‘துங் ச்செங் சீ ஃபாத்’ என்றொரு நாற்சொற்றொடர் உண்டு. ‘கிழக்குச் சாளரத்துச் செயல் வெளிப்பட்டது’ என்பது அதன் நேர்ப்பொருள். மறைவிற் செய்த தீமை அம்பலமாதலை உணர்த்தும். பிற சீன வழக்குகளுக்கும் இது பொதுவே.

சாளரம் ஈண்டு வந்தவாறு யாங்ஙனம்? தென்சுங் அரசின் அமைச்சன் சின் குய், தளபதி யுவே ஃபெய்மீது பொய்க்குற்றம் சாட்டி, கி.பி. 1142-இல் அவனைக் கொல்வித்தான். இது வரலாறு. அச்சூழ்ச்சியை மனைவி வாங்குடன் கிழக்குச் சாளரத்தருகே இருந்து வகுத்தான் என்பதும், 1155-இல் இறந்தபின் கீழுலகில் விலங்குடன் நின்று, செயல் வெளிப்பட்டமையைத் தாவோ துறவி ஒருவர்வழி அவளுக்குச் சொல்லி விடுத்தான் என்பதும் பிற்காலக் கதை. தொடரை வாழ்விப்பது கதையே.

ஆகவே, இத்தொடரை ஒருவன்மேல் ஏற்றிக் கூறுவோர் அவனைக் குற்றவாளி என்றே தீர்ப்பிடுகின்றனர். கையூட்டு, கையாடல், பிறர்மனை நயத்தல் முதலியவற்றிற்கே இது பொருந்தும். மறைத்துவைத்த பிறந்தநாட் பரிசு தெரிந்துவிட்டமைக்கு இதனை ஆளின், நகைப்பிற்கு இடமாகும். தொடருக்குப்பின் விளைவைக் கூறுதல் பெருவழக்கு: ‘கிழக்குச் சாளரத்துச் செயல் வெளிப்படவே, அவன் தப்பியோடினான்’ என்றாற்போல.

பேச்சுவழக்கிலோ ‘ச்சுன் போ’ என்பர். பானை ஓட்டையாயிற்று என்பது பொருள். விளையாட்டுப் பொய்க்கும் அஃது ஏற்கும். நம் ‘குட்டு வெளிப்பட்டது’ இப்பானைக்கு இணையாகுமே அன்றிச் சாளரத்திற்கு ஆகாது. மொழிபெயர்ப்போர் பலர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவர். சாளரத்திற்குச் ‘சதி அம்பலமாயிற்று’ என்பது ஓரளவு அமையும். சாளரத்தையே தமிழிற் கொணர விரும்பின் அடிக்குறிப்பு இன்றியமையாதது.