இரும்போடு ஒரு வருஷம் – 9: மூடாத கை

போட்டிக்கு இன்னும் 18 நாள். நைட் டூட்டி முடிந்து உறையூர் வீட்டுக்கு வந்து சேரும்போது காலை எட்டரை ஆகிவிடுகிறது. குளித்து, முட்டையும் ஓட்ஸும் சாப்பிட்டுப் படுக்க வேண்டியதுதான். ஆனால் படுப்பதற்கு முன் அம்மாவின் பீரோ கண்ணாடி முன்னால் இருபது நிமிடம் நிற்கிறேன். இப்போதைக்கு நிற்பதுதான் வேலை. எடை தூக்கும்போதுகூட எனக்கு இவ்வளவு வியர்த்ததில்லை.

மேடையில் யாரும் எதையும் தூக்கச் சொல்ல மாட்டார்கள். ஒரு வருஷமாக நான் சேர்த்து வைத்த டெட்லிஃப்ட் கணக்கெல்லாம் அங்கே செல்லாது. தசை எவ்வளவு வந்திருக்கிறது, மேலுடம்பும் காலும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று நடுவர்கள் பார்ப்பார்கள். அதை எடுத்துக் காட்டத் தெரியாவிட்டால் இருப்பதும் இல்லாததுபோல்தான். ஒரு தசையை எழுப்பி, எழுந்ததை அப்படியே நிறுத்தி, முகம் கோணாமல் மூச்சு விட வேண்டும். முதன்முதலாகப் போட்டிக்குப் போகும் பெண்கள் சாப்பாட்டையே நினைத்துக்கொண்டிருந்துவிட்டு, போஸிங்கைக் கடைசி இரண்டு வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நான் பத்து வாரத்துக்கு முன்பே தொடங்கினேன், அதுவே தாமதம் என்று இப்போது தோன்றுகிறது.

நான் போட்டியிடும் பெண்கள் ஃபிசிக் பிரிவில் கட்டாய போஸ் நான்கு: முன்பக்க டபுள் பைசெப்ஸ், பக்கவாட்டில் செஸ்ட், பின்பக்க டபுள் பைசெப்ஸ், பக்கவாட்டில் ட்ரைசெப்ஸ். வெறுங்காலோடு நிற்க வேண்டும். பாடிபில்டிங்கில் கையை மடக்கி முஷ்டி பிடிப்பார்களே, அது எங்களுக்குக் கிடையாது. விரல்கள் விரிந்து மேலே பார்த்திருக்க வேண்டும் என்பது விதி.

“முஷ்டியைப் பிரிங்க சிஸ்டர்.” முதல் மாதம் முழுக்க ஜிம் மாஸ்டர் சொன்னது இந்த ஒரு வாக்கியம்தான். ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்பதால் ஜிம்மிலும் எல்லோருக்கும் நான் சிஸ்டர்.

முஷ்டியை இறுக்கினால் முன்கை இறுகும், அதன் பின்னாலேயே பைசெப்ஸும் எழும்பும். ஈரப் போர்வையைப் பிழிந்தவர்களுக்கு இது தெரியும், பிடி இறுகும்போது தோள்வரை சேர்ந்து வேலை செய்யும். விரலைப் பிரித்த மறுகணம் அந்த மேடு கரைந்துபோகிறது. கையைத் தூக்கி யாரையோ கூப்பிடுவதுபோல் நிற்பேன். பிறகு மாஸ்டர் ஒன்றொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். முழங்கையைத் தோளுக்குச் சற்று மேலே ஏற்று. உள்ளங்கையைத் தலைப் பக்கம் திருப்பு. திருப்பிய பிறகு சுண்டுவிரலை இன்னும் கொஞ்சம் முறுக்கு. அந்தக் கடைசி முறுக்கலில்தான் விஷயம் இருக்கிறது. பைசெப்ஸின் வேலை முழங்கையை மடக்குவது மட்டுமில்லை, உள்ளங்கையைத் திருப்புவதும் அதுதான். முஷ்டியின் உதவி இல்லாமல், இந்த முறுக்கலை மட்டும் வைத்துத் தசையை எழுப்பப் பழக எனக்கு ஆறு வாரம் பிடித்தது. ஒருநாள் கண்ணாடியில் பார்க்கிறேன், விரல்கள் தளர்ந்து பூப்போல் விரிந்திருக்கின்றன, கீழே எலுமிச்சம்பழம் உருண்டு நிற்கிறது. “அம்மா, இங்க வந்து பாரேன்” என்று கத்திவிட்டேன்.

ஏன் எங்களுக்கு மட்டும் திறந்த கை? இதற்குப் பின்னால் பழைய கதை ஒன்று உண்டு. 1980-இல் பெண்கள் பாடிபில்டிங்குக்கான முதல் மிஸ் ஒலிம்பியா போட்டி நடந்து ரேச்சல் மெக்லிஷ் பட்டம் வென்ற நாளிலிருந்தே, பெண்ணுக்குத் தசை எவ்வளவு வரலாம் என்ற சண்டை தொடங்கிவிட்டது. 1983-இல் லாஸ் வேகாஸில் நடந்த இன்னொரு போட்டிக்கு ஆஸ்திரேலியாவின் பவர்லிஃப்டர் பெவ் பிரான்சிஸ் வந்தார். அந்த மேடையில் அவரைப்போலத் தசை திரண்டவர் வேறு யாருமில்லை. கிடைத்தது எட்டாம் இடம். நடுவர்கள் பெண்மை பற்றி வாதாடியதெல்லாம் ‘பம்பிங் அயர்ன் 2’ ஆவணப்படத்தில் பதிவாகியிருக்கிறது. 2004 கடைசியில், பெண் போட்டியாளர்கள் தசையை 20 சதவீதம் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று பன்னாட்டு பாடிபில்டிங் கூட்டமைப்பு சுற்றறிக்கையே அனுப்பியது. இருபது சதவீதத்தை எந்தத் தராசில் நிறுப்பது? பாடிபில்டிங் அளவுக்குப் பருமன் வேண்டாம், ஆனால் உழைத்த தசை தெரியட்டும் என்று பின்னால் உருவானதுதான் ஃபிசிக் பிரிவு. 2013-இல் ஒலிம்பியா மேடைக்கு அது முதன்முதலாக வந்தபோது டானா லின் பெய்லி வென்றார். அடுத்த ஆண்டோடு மிஸ் ஒலிம்பியா நிறுத்தப்பட்டு, 2020-இல்தான் திரும்ப வந்தது.

ஆக, இந்தத் திறந்த கை எனக்குச் சும்மா வந்த அழகு இல்லை. முஷ்டி பிடித்த பெண்ணைப் பார்க்க யாருக்கோ சங்கடமாக இருந்திருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. ஆனாலும் போட்டியிடுவது இந்தப் பிரிவில் என்று முடிவெடுத்துவிட்டேன், அதனால் இந்தக் கையையே குறையில்லாமல் செய்து காட்டப் போகிறேன்.

கையைவிட முதுகுதான் என்னைப் படுத்தியது. வயசுக்கு வந்த நாளிலிருந்து “குனிஞ்சு நட”, “தாவணியை இழுத்து விடு” என்று கேட்டு வளர்ந்த உடம்பு. தோள் இரண்டையும் முன்னால் மடித்து நெஞ்சை ஒளித்தே இருபது வருஷம் நடந்திருக்கிறேன். பின்பக்க போஸில் முதுகை விரி என்றால் அதற்கு விரியத் தெரியவில்லை. பாரில் தொங்கியும், கயிற்றை முகத்தை நோக்கி இழுக்கும் ஃபேஸ் புல் செய்தும் கொஞ்சம் சரிசெய்தேன். பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போதுகூட இப்போது தோள் பின்னால்தான் இருக்கிறது.

சாப்பாட்டைப் பற்றிப் போன வாரமே எழுதிவிட்டேன், ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். 61 கிலோவில் தொடங்கி, வாரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் குறையாமல் 55-க்கு வந்திருக்கிறேன். நடுவில் மாதவிடாய் 11 நாள் தள்ளிப்போனது. “கரெக்டா போய்க்கிட்டிருக்குன்னு அர்த்தம்” என்றார் ஜிம்மில் ஒருவர். உண்மையில், எரிபொருள் போதவில்லை என்றால் உடம்பு முதலில் கர்ப்பப்பைக் கணக்கைத்தான் மூடும், எலும்பு தேய்வதும் அங்கேதான் தொடங்கும். அன்றே மதியச் சோற்றைக் கூட்டினேன். கூட்டியதில் வயிற்றுக் கோடு ஒன்று மங்கியது, அதற்காக நான் வருந்தவில்லை.

அதே ஆள் இன்னொன்றும் சொன்னார். “கடைசி ரெண்டு நாள் தண்ணியை நிறுத்திட்டு லாசிக்ஸ் ஒண்ணு போடுங்க சிஸ்டர், நரம்பு தெறிச்சு நிக்கும்.” எங்கள் வார்டில் நுரையீரலில் நீர் கோத்தவர்களுக்கு நான் ஏற்றும் மருந்து அது. ஏற்றிவிட்டு எத்தனை எம்.எல். சிறுநீர் போனது என்று எழுதிவைப்போம், பொட்டாசியம் ரிப்போர்ட் வரும்வரை மானிட்டரில் கண் இருக்கும். பொட்டாசியம் சரிந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். 1992-இல் ஹாலந்தில் போட்டி முடிந்த சில மணி நேரத்தில் பாடிபில்டர் மொஹமத் பெனாசிசா இறந்தது இப்படி உடம்பை வறட்டியதால்தான். ஊக்கமருந்துத் தடைப் பட்டியலிலும் இந்த மாத்திரை இருக்கிறது. இத்தனைக்கும் தசையில் முக்கால் பங்கு தண்ணீர்தான், அதை வற்றவைத்தால் தசைதான் முதலில் சப்பையாகும். நான் கடைசி நாள்வரை தண்ணீர் குடிப்பேன். இதைப் படிக்கும் தங்கைகளே, நீங்களும் குடியுங்கள்.

பிறகு அந்தப் பூச்சு. மேடை விளக்கின் வெளிச்சத்தில் தசையின் பள்ளம் மேடு தெரியாமல் வெளிறிவிடும் என்பதால் எல்லோருமே உடம்பெல்லாம் கருஞ்சாயம் பூசிக்கொள்கிறார்கள், ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் பல கோட். கறுப்பு என்று எனக்கு இரண்டு வரன் தட்டிப்போயிருக்கிறது. அந்த நாட்களில் பயத்தமாவைக் குழைத்துத் தேய்த்து விட்ட அம்மாவிடம், முதுகுக்கு என் கை எட்டாது, நீதான் பூசிவிட வேண்டும் என்று பாட்டிலைக் காட்டினேன். திறந்து முகர்ந்து பார்த்தாள். “எத்தனை தடவைடி பூசணும்?” என்று மட்டும் கேட்டாள்.

இப்போது போஸ் பிடிக்கும்போது எண்ணுவதும் அவள்தான். கட்டிலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே எண்ணுவாள். நடுவர்கள் இரண்டு பேரை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றால் போஸ் நீண்டுகொண்டே போகும், அதனால் முப்பதுவரை எண்ணு என்று சொல்லியிருக்கிறேன். நேற்று இருபத்திரண்டில் என் இடது தொடை நடுங்க ஆரம்பித்தது. எண்ணிக்கை நின்றது. “கால் ஆடுதே, இறக்கிடேன்” என்றாள். விரலை மடக்காமல், முகத்தை மாற்றாமல், “நீ எண்ணும்மா” என்றேன். கீரையைக் கீழே வைத்துவிட்டு, இருபத்திமூன்று என்றாள்.

(தொடரும்)