பழைய ஆலையில் பண்பாட்டு நிலையம்

தொழிற்சாலை ஒன்று மூடப்பட்டால் அதன் இயந்திரங்கள் விலைக்குப் போகின்றன. தொழிலாளர் கலைந்து செல்கின்றனர். கட்டடமும் நிலமும் மட்டும் எஞ்சி நிற்கின்றன. முன்னர் ஊர்ப்புறத்தில் இருந்த அந்நிலம், நகரம் வளர்ந்துவிட்ட காரணத்தால், இப்போது நகரின் நடுவே அமைந்து பெருவிலை பெறுகிறது. அனைத்தையும் இடித்துத் தரைமட்டமாக்கிப் புதிதாகக் கட்டுவதே எளிய வழி எனப் பலரும் கருதுவர். ஆயினும் சென்ற அரை நூற்றாண்டில் பல நாடுகளில் இத்தகைய இடங்கள் நூலகம், நாடக அரங்கு, கைத்தொழிற்கூடம், விளையாட்டுக் கூடம் ஆகியவை கொண்ட பண்பாட்டு நிலையங்களாக மாற்றப்பட்டுள்ளன. அவற்றுள் நன்கு அமைந்தவற்றை ஆராய்ந்தால் ஓர் உண்மை புலனாகும். எதைக் கட்டுவது என்று தீர்மானிப்பதற்கு முன்னால், அங்கே ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பொறுமையுடன் கண்டறிந்ததே அவற்றின் சிறப்புக்குக் காரணம். மக்கள், மண், கட்டுமானம் ஆகிய மூன்றையும் பற்றிய ஆய்வே இத்தகைய திட்டத்தின் முதற்படி எனலாம்.

பொம்பேயாத் தொழிற்சாலை

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு பிரேஸில் நாட்டின் சாவோ பாலோ நகரில் உள்ளது. அந்நகரின் பொம்பேயா என்னும் பகுதியில் 1930களின் இறுதியில் இரும்புப் பீப்பாய் செய்யும் தொழிற்சாலை ஒன்று கட்டப்பட்டது. பிற்காலத்தில் அங்கே குளிர்பதனப் பெட்டிகள் செய்யப்பட்டன. தொழில் நின்ற பின்னர், 1971-இல் ‘செஸ்க்’ என்னும் நிறுவனம் அவ்விடத்தை வாங்கியது. வாணிகத் துறையில் உழைப்போரின் நலனுக்காக 1946-இல் தோன்றிய நிறுவனம் அது. முதலாளிகள் கட்டாயமாகச் செலுத்தும் தொகையைக் கொண்டு நடைபெறுவது. பழைய கட்டடங்களை இடித்துவிட்டுப் புதிய நிலையம் கட்டுவதே முதலில் இருந்த எண்ணம்.

திட்டம் வகுக்கும் பொறுப்பு லினா போ பார்டி என்னும் கட்டடக் கலைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1914-இல் ரோம் நகரில் பிறந்து, 1946-இல் பிரேஸிலில் குடியேறியவர் அவர். 1976-இல் முதன்முறை சென்றபோது, கம்பியிட்ட கான்கிரீட் சட்டங்களின் மேல் எழுப்பப்பட்ட செங்கல் கூடங்களின் ஒழுங்கு அவரைக் கவர்ந்தது. இரண்டாம் முறை அவர் சென்றது ஒரு சனிக்கிழமை. அன்று கண்ட காட்சி வேறு. குடும்பங்கள் அங்கே வந்து கூடியிருந்தன. குழந்தைகள் ஓடியாடினர். ஓட்டைக் கூரையினின்று ஒழுகிய மழைநீரில் சிறுவர் பந்து உதைத்தனர். தாய்மார் உணவு சமைத்துக்கொண்டிருந்தனர். ஒருபுறம் பொம்மலாட்டம் நடந்தது. கைவிடப்பட்ட இடம் என்று ஆவணத்தில் குறிக்கப்பட்ட தொழிற்சாலை, உண்மையில் மக்கள் விரும்பி வரும் இடமாக ஏற்கெனவே மாறியிருந்தது. இந்த மகிழ்ச்சி கெடாமல் தொடர வேண்டும் என்பதே லினா போ பார்டி மேற்கொண்ட முடிவு. கட்டடங்கள் இடிக்கப்படவில்லை.

1977-இல் வேலை தொடங்கியது. அவரும் துணைக் கட்டடக் கலைஞர்களும் தங்கள் அலுவலகத்தை வேலை நடக்கும் இடத்திலேயே அமைத்துக்கொண்டனர். சுவர்களின் பூச்சு மணல் வீச்சினால் நீக்கப்பட்டு, செங்கல்லும் கான்கிரீட்டும் வெளிப்படுத்தப்பட்டன. கூடங்களை அறை அறையாகத் தடுக்கவில்லை. கைத்தொழிற்கூடங்களுக்குக் கூரை வரை எட்டாத குட்டைச் சுவர்கள் கான்கிரீட் கட்டிகளால் எழுப்பப்பட்டன. நூலகத்திற்கெனப் பெருங்கூடத்தினுள் கான்கிரீட் மேடைகள் அமைந்தன. அதே கூடத்தின் தரையில் ஆறுபோல் வளைந்து செல்லும் ஆழமற்ற நீர்நிலை ஒன்றும், கணப்பு அடுப்பு ஒன்றும் இடம்பெற்றன. வேலை ஏதுமின்றி வந்து அமர்ந்திருப்போருக்கும் அங்கே இடமுண்டு என்பதை இவை உணர்த்தின. 1982-இல் இப்பகுதி திறக்கப்பட்டது.

விளையாட்டுக் கூடங்களுக்கு எஞ்சியிருந்த இடம் சிறியது. அதிலும் ஒரு தடை இருந்தது. நிலத்தின் ஊடே ‘கறுந்தண்ணீர் ஓடை’ எனப் பொருள்படும் பெயருடைய நீரோட்டம் ஒன்று மூடிய கால்வாயாகச் செல்கிறது. அதன் மேல் கட்டடம் எழுப்ப விதி இடந்தரவில்லை. ஆகவே ஓடைக்கு இருபுறமும் இரண்டு கான்கிரீட் கோபுரங்கள் எழுப்பப்பட்டன. ஒன்றில் நீச்சற்குளமும் ஒன்றன்மேல் ஒன்றாக ஆடுகளங்களும்; மற்றொன்றில் உடை மாற்றும் அறைகளும் பயிற்சி அறைகளும். இரண்டையும் வானவெளியில் செல்லும் கான்கிரீட் பாலங்கள் இணைக்கின்றன. ஆடுகளங்களின் சன்னல்கள் குகைவாய் போன்று ஒழுங்கற்ற வடிவில் அமைந்தவை. அவற்றில் கண்ணாடி இல்லை. மரச் சட்டத் தட்டிகளே உண்டு. எதிரெதிர்ச் சுவர்களில் இருப்பதால் காற்று தடையின்றி ஊடுருவிச் செல்கிறது. ஓடைக்கு மேலுள்ள திறந்த நிலத்தில் மரப்பலகை பரப்பப்பட்டு, நகரத்தார் வெயில் காயும் ‘கடற்கரை’ ஆயிற்று. கோபுரங்கள் 1986-இல் திறக்கப்பட்டன. ஓடை எங்கே செல்கிறது என்பதை முதலில் அறிந்ததனால், அந்தத் தடையே நிலையத்தின் தோற்றத்தை வகுத்துத் தந்தது என்பது கவனிக்கத்தக்கது.

‘பண்பாட்டு நிலையம்’ என்னும் பெயரை லினா போ பார்டி விரும்பவில்லை. அச்சொல் எளிய மக்களை அச்சுறுத்தும் என்று கருதி, ‘ஓய்வு நிலையம்’ என்றே வழங்கினார். 2015-இல் பிரேஸில் அரசாங்கத்தின் வரலாற்று, கலை மரபு நிறுவனம் இதைத் தேசியப் பாதுகாப்புச் சின்னமாக ஏற்றது.

மண்ணின் சோதனை

பீப்பாய்த் தொழிற்சாலையைக் காட்டிலும் கடுமையான தொழில் நடந்த நிலங்களில் மண்ணே முதற்பிரச்சினையாகும். இன்ன தொழில் நடந்தது என்று அறிந்தால் இன்ன நஞ்சு இருக்கக்கூடும் என்று ஓரளவு ஊகிக்கலாம். தோல் பதனிட்ட இடத்தில் குரோமியம், மின்கலம் செய்த இடத்தில் ஈயம், நிலக்கரியைக் கோக்காக மாற்றிய இடத்தில் தார்ப்பொருள்கள் ஆகியவற்றை எதிர்பார்க்கலாம். பழைய கூரைத் தகடுகளில் கல்நார் இருக்கலாம். உடைந்தால் அதன் நுண்ணிழைகள் மூச்சுடன் நுரையீரலை அடைந்து கொடிய நோய் விளைவிக்கும்.

ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரில் 1985-இல் மூடப்பட்ட இரும்பாலை ஒன்றில் இப்பிரச்சினை எழுந்தது. ஏறத்தாழ 180 ஹெக்டேர் பரப்புள்ள அவ்விடத்தைப் பூங்காவாகவும் கலை நிகழ்ச்சிக் களமாகவும் மாற்றும் திட்டத்தைப் பீட்டர் லாட்ஸ் என்பவர் வகுத்தார். மண் முழுவதையும் தோண்டி வேறிடம் கொண்டுபோவதானால் செலவு மிகும். நஞ்சும் இடம் மாறுமேயன்றி ஒழியாது. ஆகவே மிகக் கெட்ட மண் பழைய கனிமத் தொட்டிகளில் இட்டு மூடப்பட்டது. வேறு பகுதிகளில் நஞ்சேறிய மண் இருந்த இடத்திலேயே மூடப்பட்டு, மக்கள் அதனைத் தொடாதவாறு பாதைகள் வகுக்கப்பட்டன. கழிவுநீர் ஓடிய திறந்த வாய்க்காலில் இப்போது மழைநீர் ஓடுகிறது. கழிவுநீர் அடியிலுள்ள குழாய் வழியே செல்கிறது. எரிவாயு சேமித்த பெருங்கலம் நீர் நிரப்பப்பட்டு, மூழ்குநர் பயிற்சி பெறும் இடமாயிற்று. இயந்திரக் கூடங்களில் இசை நிகழ்ச்சிகளும் நாடகங்களும் நடைபெறுகின்றன. 1994-இல் இப்பூங்கா மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

கட்டுமானத்தின் சோதனை

பழைய கட்டடம் பார்வைக்கு உறுதியாகத் தோன்றினும் உள்ளே பழுதுற்றிருக்கலாம். புதுக் கான்கிரீட் காரத்தன்மை உடையது. அக்காரமே உள்ளிருக்கும் இரும்புக் கம்பியைத் துருவினின்று காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் மெல்ல ஊடுருவி அக்காரத்தை அழிக்கிறது. இதனைக் கண்டறியும் முறை எளிது. கான்கிரீட்டில் புதிதாக உடைத்த முகத்தில் பினாப்தலின் கரைசலைத் தெளித்தால், காரம் உள்ள பகுதி இளஞ்சிவப்பாக மாறும். காரம் அழிந்த பகுதி நிறம் மாறாது. நிறமற்ற அடுக்கு கம்பி வரை எட்டியிருந்தால், ஈரம் படும் இடங்களில் அது துருப்பிடிக்கும் நிலை வந்துவிட்டது என அறியலாம்.

மக்கள் கூடும் மண்டபத்தின் தளம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 500 கிலோகிராம் பாரம் தாங்க வேண்டும். கனத்த இயந்திரங்கள் நின்ற தளங்கள் பெரும்பாலும் இதற்குப் போதுமானவை. ஆனால் வாயில்கள் போதா. நூறு பேர் உழைத்த கூடத்தில் நாடகம் பார்க்க ஆயிரம் பேர் கூடுவர். தீ விபத்து நேர்ந்தால் அத்தனை பேரும் விரைந்து வெளியேற வழி வேண்டும். பழைய சுவர்களில் புதிதாகச் செய்ய வேண்டிய மாறுதல்களுள் இதுவே மிக இன்றியமையாதது.

ஒலியின் கணக்கு

ஆலைக் கூடத்தில் பேசினால் சொற்கள் ஒன்றோடொன்று குழம்பும். செங்கல், சிமெண்டு, கண்ணாடி ஆகியவை ஒலியை உட்கொள்ளாமல் திருப்பி அனுப்புவதே இதற்குக் காரணம். ஒலி எழுந்து முற்றும் தேய்ந்து மறையும் கால அளவை எதிர்முழக்க நேரம் என்பர். இதனைக் கணிக்கும் விதியை அமெரிக்க விஞ்ஞானி சேபின் கண்டறிந்தார். கூடத்தின் கன அளவைக் கன மீட்டரில் கண்டு 0.16-ஆல் பெருக்கி, ஒலியை உட்கொள்ளும் மொத்தப் பரப்பால் வகுத்தால் நேரம் விநாடிகளில் கிடைக்கும்.

40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் 8 மீட்டர் உயரமும் உள்ள கூடம் ஒன்றைக் கொள்வோம். அதன் கன அளவு 6,400 கன மீட்டர். தரை, கூரை, சுவர்கள் ஆகியவற்றின் பரப்பு 2,560 சதுர மீட்டர். அது ஒலியில் பத்தில் ஒரு பங்கை உட்கொள்வதாகக் கொண்டால், உட்கொள்ளும் பரப்பு 256 சதுர மீட்டராகும். எதிர்முழக்க நேரம் 4 விநாடி. பேச்சு தெளிவாகக் கேட்க ஏறத்தாழ 1 விநாடியே ஏற்றது. ஒரு மனிதர் சுமார் அரைச் சதுர மீட்டர் அளவுக்கு ஒலியை உட்கொள்கிறார். 500 பேர் வந்து அமர்ந்தால் 250 சதுர மீட்டர் கூடி, நேரம் 2 விநாடியாகக் குறையும். திரைகளும் மரப்பலகைகளும் மற்றக் குறையைத் தீர்க்க உதவும். கூடத்தைக் குணப்படுத்துவதில் பாதி வேலையை மக்களே செய்துவிடுகின்றனர் என்பது இக்கணக்கினால் விளங்கும்.

மும்பை தரும் பாடம்

நம் நாட்டில் இப்பிரச்சினை பெருமளவில் எழுந்த இடம் மும்பை. 1982-ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கிய பஞ்சாலை வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 2.5 லட்சம் தொழிலாளர் கலந்துகொண்டனர். அதன்பின் ஆலைகள் பல ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. நகரின் நடுவே ஏறத்தாழ 600 ஏக்கர் ஆலை நிலத்தை என்ன செய்வது என்ற கேள்வி பிறந்தது. 1991-இல் வகுக்கப்பட்ட விதியின்படி நிலம் சுமார் மூன்று சம பங்குகளாகப் பிரிக்கப்பட வேண்டும்: ஒன்று பொதுத் திறந்தவெளிக்கு, ஒன்று பொது வீட்டுவசதிக்கு, ஒன்று உரிமையாளருக்கு. 2001-இல் செய்யப்பட்ட திருத்தம், கட்டடம் இல்லாத வெற்று நிலத்தை மட்டும் இவ்வாறு பங்கிட்டால் போதும் என்றது. ஆலை நிலத்தில் பெரும்பகுதி கட்டடங்களின் கீழ் இருந்தமையால் பொதுமக்களின் பங்கு பெரிதும் சுருங்கியது. வழக்குத் தொடரப்பட்டது, 2006-இல் உச்ச நீதிமன்றம் அத்திருத்தம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. ஆலைகள் பலவற்றின் இடத்தில் இன்று அலுவலகங்களும் அங்காடி வளாகங்களும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன.

‘கிரண்காவ்’, அதாவது ஆலைக் கிராமம், என்று மராத்தியில் வழங்கிய அப்பகுதியில் பண்பாடு புதிதாகக் கொண்டுவரப்பட வேண்டியதாக இருக்கவில்லை. தொழிலாளர் குடியிருப்புகளில் பஜனைக் குழுக்களும் நாடகக் குழுக்களும் விழாக்களும் செழித்திருந்தன. பிற்காலத்தில் புகழ்பெற்ற மக்கள் கவிஞர் அண்ணாபாவு சாத்தே இளமையில் ஆலைத் தொழிலாளரிடையே வாழ்ந்தவர். நிலத்தின் அளவு ஆவணங்களில் உண்டு. அங்கே எத்தனை பேர் எந்தெந்த மாலையில் எதற்காகக் கூடினர் என்பதற்கு அத்தகைய ஆவணம் இல்லை. கணக்கில் வராதது பங்கீட்டிலும் வருவதில்லை.

செய்யத்தக்கவை

மூடப்பட்ட ஆலையோ, அரவைச் சாலையோ, பணிமனையோ இல்லாத மாவட்டம் நாட்டில் அரிது. அதன் எதிர்காலத்தைப் பற்றிய பேச்சு எழுமுன்னரே களப்பணியாளர் சில குறிப்புகளைத் திரட்டலாம். அங்கே நடந்த தொழில் யாது, எந்த மூலப்பொருள் எங்கே குவிக்கப்பட்டது, கழிவுநீர் எவ்வழிச் சென்றது ஆகியவற்றை ஓய்வுபெற்ற தொழிலாளரிடம் கேட்டு வரைபடத்தில் குறிக்க வேண்டும். மழைக்காலத்தில் நீர் எங்கே தேங்குகிறது என்று பார்க்க வேண்டும். இப்போது அவ்விடத்தை யார், எப்பொழுது, எதற்காகப் பயன்படுத்துகின்றனர் என்பதை வேலை நாளிலும் விடுமுறை நாளிலும் தனித்தனியே எழுதிவைக்க வேண்டும்.

ஆசிரியர்கள் எதிர்முழக்கக் கணக்கைப் பள்ளிக் கூடத்தையே அளந்து மாணவருக்குக் கற்பிக்கலாம். முதிய தொழிலாளரை வகுப்பிற்கு அழைத்து அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யலாம். ஆனால் மண்ணும் கூரையும் சோதிக்கப்படும் வரை மாணவரை ஆலையினுள் அழைத்துச் செல்லலாகாது.

லினா போ பார்டி அந்தச் சனிக்கிழமை பொம்பேயாவுக்குச் செல்லாமல் இருந்திருந்தால், வெற்றுக் கூடங்களை மட்டுமே பார்த்துவிட்டுத் திட்டம் வரைந்திருப்பார். விடுமுறை நாளில் ஒருமுறை சென்று பார்ப்பதற்குக் கருவி எதுவும் வேண்டுவதில்லை.