பிரஷ் கட்டர் எஞ்சின் பறக்குமா?

களையெடுக்க ஆள் கிடைப்பது அரிதாகிவிட்ட பிறகு, தென்னந்தோப்பும் வாழைத்தோட்டமும் வைத்திருப்பவர்கள் வீட்டில் பிரஷ் கட்டர் ஒன்று நிற்பது சாதாரணமாகிவிட்டது. சில வருடம் உழைத்த பின் குழாய் வளைந்தோ, கியர் பெட்டி தேய்ந்தோ மூலையில் சாய்ந்து கிடக்கும் மெஷின்களும் ஊருக்கு ஊர் இருக்கின்றன. பொறியியல் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளின் கண் இப்போது அந்த மூலையின் மேல் விழுந்திருக்கிறது. 'ரிமோட்டில் பறக்கும் விமானம் செய்யப்போகிறோம், அந்த எஞ்சினைக் கொடுங்கள் அப்பா' என்று மகன் கேட்கிறான். கொடுக்கலாமா, அது உண்மையிலேயே பறக்குமா என்பது தந்தையின் கேள்வி.

பறக்கும். ஆனால் எல்லா எஞ்சினும் அதற்கு லாயக்கில்லை. எதை எடுப்பது, எதைத் தொடாமல் விடுவது என்பதைக் கழற்றுவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். தவறினால் நஷ்டம் பணத்தோடு நிற்காது, விரலும் போகலாம்.

தோட்டத்திலிருந்து வானத்துக்கு

மாதிரி விமானத்துக்குப் பெட்ரோல் எஞ்சின் புதிதல்ல. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வந்த பிரவுன் ஜூனியர் என்ற சின்ன எஞ்சின் பெட்ரோலிலும் ஸ்பார்க் பிளக்கிலும்தான் ஓடியது. 1947-ல் ரே ஆர்டன் என்பவர் குளோ பிளக்கை அறிமுகப்படுத்தியதும் காயில், பேட்டரி எல்லாம் விமானத்தைவிட்டு இறங்கின. எடை குறைந்தது. ஆனால் குளோ எஞ்சின் குடிப்பது மெத்தனால். உயவுக்காக அதில் ஐந்தில் ஒரு பங்கு வரை ஆமணக்கு எண்ணெய் சேர்ப்பார்கள். நம் மானாவாரி நிலத்து ஆமணக்கேதான்! கொஞ்சம் நைட்ரோமீத்தேனும் சேரும். ஒரு லிட்டர் மெத்தனாலின் எரிசக்தி ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான் என்பதால், விமானம் பெரிதாகப் பெரிதாக எரிபொருள் செலவு கையைக் கடித்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் விமானப் பொழுதுபோக்குக்காரர்கள் தோட்டத்து மெஷின்கள் பக்கம் திரும்பினார்கள். மரம் அறுக்கும் ரம்பத்தின் எஞ்சின், களைவெட்டியின் எஞ்சின் எல்லாம் முகப்பில் உந்துவிசிறியோடு பறக்க ஆரம்பித்தன. ரியோபி, ஹோம்லைட் களைவெட்டிகளின் 25 முதல் 31 சிசி வரையிலான எஞ்சின்கள் மலிவாகக் கிடைத்ததால் பலரும் அவற்றை மாற்றிக்கொண்டார்கள். பிரஷ் கட்டர் செய்துவந்த ஜப்பானின் ஜெனோவா நிறுவனமோ ஜி-38, ஜி-62 என்று விமானத்துக்கென்றே எஞ்சின்களை விற்றது.

தோட்டத்து எஞ்சின் வானத்துக்குப் பொருந்தியதற்கு முக்கியக் காரணம் கார்புரேட்டர். பிரஷ் கட்டரை எந்தப் பக்கம் சாய்த்தாலும் எஞ்சின் நிற்பதில்லை. அதில் மிதவை கிடையாது, டயாபிரம் எனப்படும் மெல்லிய சவ்வுதான் இருக்கிறது. கிராங்க் அறையில் ஏறி இறங்கும் அழுத்தம் சவ்வைத் துடிக்க வைக்க, அது டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்துக் கொடுக்கிறது. விமானம் தலைகீழாகக் குட்டிக்கரணம் போட்டாலும் அந்த வேலை நிற்காது. முதுகில் சுமக்கும் பழைய மாதிரி விசைத்தெளிப்பான்கள் பலவற்றில் மிதவை கார்புரேட்டர் இருக்கும். அந்த எஞ்சினை விமானத்தில் வைத்தால் முதல் கவிழ்ப்பிலேயே மூச்சு நின்றுவிடும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது கார்புரேட்டரைத்தான்.

சிசியைவிட எடை முக்கியம்

கடையில் நாம் சிசியைக் கேட்டு வாங்கிப் பழகிவிட்டோம். விமானத்துக்கு எஞ்சின் எடுப்பவர் தராசை எடுத்துக்கொண்டு போக வேண்டும். 26 சிசி அளவுள்ள 2 ஸ்ட்ரோக் எஞ்சின், கிளட்ச், கயிறு ஸ்டார்ட்டர், பிளாஸ்டிக் மூடி எல்லாம் கழற்றிய பின் ஒன்றரை முதல் இரண்டு கிலோ இருக்கும். சுமார் 2 மீட்டர் இறக்கை அகலமும் 6, 7 கிலோ எடையும் உள்ள விமானத்தை அது தாராளமாகத் தூக்கும். நம் ஊரில் பரவலாகக் கிடைக்கும் 43, 52 சிசி மெஷின்களின் எஞ்சினை எடுத்தால் விமானமும் அதற்கேற்பப் பெரிதாக வேண்டும், மொத்த எடை 10 கிலோவைத் தாண்டிவிடும். கற்றுக்கொள்ளும் பையன் கையில் கொடுக்கிற விமானம் அல்ல அது.

4 ஸ்ட்ரோக் எஞ்சின் நல்லதுதானே, ஆயில் கலக்க வேண்டாமே என்று கேட்கலாம். களத்தில் நல்லதுதான். பிரஷ் கட்டர்களில் வரும் ஹோண்டாவின் ஜிஎக்ஸ்35 எஞ்சின் 35.8 சிசி. அதன் எடை 3 கிலோவுக்கு மேல், சக்தியோ ஒன்றேகால் குதிரைத்திறன் அளவில். தோளில் பட்டி மாட்டி நிற்கும் ஆளுக்கு அந்த எடை ஒரு பொருட்டல்ல, மூக்கில் சுமக்கும் விமானத்துக்குப் பெரும் பாரம். வால் பக்கம் ஈயம் கட்டிச் சமன் செய்ய வேண்டி வரும். எடை இன்னும் கூடும். ஒப்புக்குச் சொன்னால், விமானத்துக்கென்றே வடிவமைத்த 30 சிசி எஞ்சின்கள் இன்று ஒரு கிலோவுக்கும் குறைவாக வருகின்றன. விலை பொறுக்குமானால் அதை வாங்குவதே சுருக்கமான வழி. மாற்றி அமைப்பதன் லாபம் பழைய எஞ்சின் சும்மா கிடைக்கும்போதுதான்.

கிராங்க் எப்படித் தாங்கப்பட்டிருக்கிறது?

கிணற்று ராட்டினத்தை நினைத்துப் பாருங்கள். இரு பக்கமும் தாங்கலுக்கு நடுவே சுழல்வதால் எவ்வளவு இழுத்தாலும் அச்சு வளையாது. அதே ராட்டினத்தை ஒரு பக்கத்துத் தாங்கலில் மட்டும் நீட்டி வைத்தால்? சின்ன எஞ்சின்களிலும் இந்த இரண்டு வகை உண்டு. கிராங்க் தண்டை இரு பக்கமும் பேரிங் தாங்கினால் முழு கிராங்க், ஒரு பக்கம் மட்டும் தாங்கினால் அரை கிராங்க். விலை குறைந்த சின்ன களைவெட்டிகள் பலவற்றில் அரை கிராங்க்தான். புல் வெட்டும்போது அது பெரிய குறையாகத் தெரியாது. பிளேடு கல்லில் மோதினால் அடியை வாங்குவது கியர் பெட்டியும் நீண்ட தண்டும். கிளட்ச் நடுவில் வழுக்கிக்கொடுக்கும். எஞ்சினுக்கு அடி நேராக வருவதில்லை.

விமானத்தில் அப்படியல்ல. உந்துவிசிறி நேராக கிராங்க் தண்டின் மேலேயே உட்காருகிறது. நடுவில் கிளட்சும் இல்லை, கியரும் இல்லை. விசிறி தண்டை வெளியே இழுக்கிறது. விமானம் சட்டென்று திரும்பும்போது பம்பரம் போலச் சுழலும் விசிறி திரும்ப மறுத்துத் தண்டை வளைக்கப் பார்க்கிறது. இறங்கும்போது மூக்கு மண்ணில் குத்தினால் மொத்த அடியும் தண்டுக்கு. அமைதியாகப் பறக்கும் பயிற்சி விமானத்துக்கு அரை கிராங்க் தாக்குப்பிடிக்கலாம். சாகசம் செய்ய நினைப்பவர் முழு கிராங்க் எஞ்சினைத்தான் எடுக்க வேண்டும். தண்டு எஞ்சினின் இரு பக்கமும் வெளியே வருகிறதா என்று பார்த்தால் ஓரளவு தெரியும். சந்தேகம் இருந்தால் பின்மூடியைக் கழற்றிப் பார்ப்பதே சரி. புதிதாக பிரஷ் கட்டர் வாங்குகிறவர்களும் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது.

மூலையில் கிடந்ததற்கு உயிர் இருக்கிறதா?

ஓடிக்கொண்டிருக்கும், கூலி மிச்சப்படுத்தும் மெஷினைக் கழற்றிக் கொடுப்பது புத்திசாலித்தனம் அல்ல. குழாயோ கியரோ போய், எஞ்சின் மட்டும் நன்றாக உள்ள மெஷின்தான் இதற்குத் தகுந்தது. எஞ்சினைத் தனியே பிரித்து, ஸ்டார்ட்டர் கயிற்றின் கைப்பிடியைப் பிடித்து மெல்லத் தூக்கினால், அழுத்தம் நன்றாக உள்ள எஞ்சின் தொங்கி நின்று விட்டுவிட்டுத்தான் இறங்கும். கயிறு தடையில்லாமல் சரசரவென்று உருவிக்கொண்டு வந்தால் ரிங் தேய்ந்துவிட்டது. அடுத்து சைலன்சரைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக பிஸ்டனைப் பார்க்க வேண்டும். பளபளவென்று இருந்தால் சரி; மேலும் கீழுமாகக் கீறல் ஓடியிருந்தால் ஆயில் குறைவாக ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள் என்று பொருள், அந்த எஞ்சின் வேண்டாம். கிராங்க் தண்டைக் கையால் மேலும் கீழும் ஆட்டும்போது அசைவு தெரியக் கூடாது. சவ்வு விறைத்திருந்தால் கவலையில்லை, புதிது மாற்றிக்கொள்ளலாம்.

காந்தச் சக்கரமும் ஸ்பார்க்கும்

மாற்றும் வேலையில் பிள்ளைகள் அவசரப்படும் இடம் இதுதான். பட்டறைகளில் மேக்னெட் என்று சொல்லும் காந்தச் சக்கரத்தில், எஞ்சினைக் குளிரவைக்கும் விசிறி இதழ்கள் இருக்கும். விமானத்தில் முன்காற்றே சிலிண்டரைக் குளிர்விக்கும் என்பதால், எடையைக் குறைக்க அந்த இதழ்களை வெட்டுவார்கள். கை கிரைண்டரில் கண் அளவாக வெட்டினால் சக்கரம் சமநிலை தவறும். நிமிடத்துக்கு 8,000 சுற்று வேகத்தில் அது விரிசல் விட்டால் துண்டு எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது. லேத்தில் பிடித்துக் கடைந்து சமன் பார்க்கத் தெரிந்த பட்டறை இல்லையென்றால், இதழ்களை அப்படியே விட்டுக் கொஞ்சம் எடையைச் சுமப்பது மேல். விசிறியைப் பிடிக்கும் ஹப்பையும் லேத்தில்தான் கடைய வேண்டும், வெல்டிங் கூடவே கூடாது.

காந்தச் சக்கரம் தானே மின்சாரம் உண்டாக்குவதால் பேட்டரி வேண்டாம் என்பது வசதி. ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. இந்த எஞ்சினை நிறுத்த சுவிட்ச் வயர் மின்சாரத்தைப் பூமிக்கு இறக்க வேண்டும். அந்த வயர் அறுந்துவிட்டால் எஞ்சினை சுவிட்சால் நிறுத்தவே முடியாது. நின்றிருக்கும் விசிறியைச் சும்மா கையால் சுழற்றினாலும் பற்றிக்கொள்ளலாம். பேட்டரியில் ஓடும் எலெக்ட்ரானிக் இக்னிஷனில் இது தலைகீழ்: வயர் அறுந்தால் எஞ்சின் நின்றுவிடும். கனமான சக்கரமும் தேவையில்லை. குறைந்த வேகத்தில் ஸ்பார்க்கைத் தாமதப்படுத்துவதால், ஸ்டார்ட் செய்யும்போது விசிறி திருப்பி அடிப்பதும் குறையும். செலவு கொஞ்சம் கூடினாலும் பிள்ளைகள் கையாளும் விமானத்துக்கு இதுதான் தகுந்தது. எந்த வகையானாலும் ரெசிஸ்டர் உள்ள பிளக் போட்டு, ரிசீவரை இக்னிஷனிலிருந்து ஒரு அடியாவது தள்ளி வைக்க வேண்டும். ஸ்பார்க்கின் இரைச்சல் ரிமோட் சிக்னலைக் குழப்பினால் விமானம் யார் சொல்லையும் கேட்காது.

விசிறி சுழலும் திசையையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரண விசிறிகள், விமானத்தின் முன்னால் நின்று பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்பவை. எஞ்சின் மறுபக்கம் சுழன்றால் எதிர்வகை விசிறி தேட வேண்டியிருக்கும். 26 சிசி எஞ்சினுக்கு 16, 17 அங்குல விசிறியும், 30 சிசிக்கு மேல் 18 அங்குலமும் பொருந்தும். 18 அங்குல விசிறி நிமிடத்துக்கு 7,500 முறை சுழன்றால் அதன் நுனியின் வேகம் மணிக்கு 640 கிலோமீட்டருக்கு மேல். பிரஷ் கட்டரில் பிளேடுக்கு மேல் காப்புத் தகடு உண்டு, இதில் எதுவும் இல்லை. முதல் ஓட்டத்தை விமானத்தில் வைக்காமல், அசையாத கனமான பலகையில் முடுக்கிப் பார்க்க வேண்டும். விசிறி சுழலும் நேர்க்கோட்டில் பக்கவாட்டில் யாரும் நிற்கக் கூடாது. விரிசல் விட்ட விசிறியைப் பசை போட்டு ஒட்டாமல் உடைத்து எறிந்துவிட வேண்டும். இல்லையென்றால் வேறொருவர் எடுத்து மாட்டுவார்.

பெட்ரோலில் ஆயில் கலப்பது பிரஷ் கட்டருக்குப் போலத்தான். லிட்டருக்கு 40 மில்லி என்றால் 25-க்கு 1, 20 மில்லி என்றால் 50-க்கு 1. ஆயில் டப்பாவில் உள்ள அளவைப் பின்பற்றலாம். பங்குகளில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கும். பறத்தல் முடிந்ததும் டேங்கை வடித்து, கார்புரேட்டரில் உள்ளதும் தீரும்வரை எஞ்சினை ஓடவிட வேண்டும். தோட்டத்தில் உள்ள மெஷினுக்கும் இந்தப் பழக்கம் நல்லது.

எங்கே பறக்கவிடுவது? 2021-ம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி, 25 கிலோவுக்கு மேற்படாமல், படிப்புக்கோ பொழுதுபோக்குக்கோ கண் பார்வை எல்லைக்குள் இயக்கும் மாதிரி விமானத்துக்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் எங்கே பறக்கலாம் என்பதை அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை. அறுவடை முடிந்த வயல் நல்ல இடம்தான். வரப்போரம் மின்கம்பி போகாமலும், பக்கத்து வயலில் நடவுக்கோ களைக்கோ ஆட்கள் இறங்காமலும், மேய்ச்சல் மாடு கட்டாமலும் இருக்கிற நாளாகப் பார்த்து அதிகாலையில் காற்று அடங்கியிருக்கும்போது போக வேண்டும்.