சுவர் குளிக்கும் நாள்

மாரி மழை ஓய்ந்து வெயில் ஏறியதும் மாத்தளை மாவட்டத்து வில்கமுவப் பக்கம் வீட்டுச் சுவர்களைப் பாருங்கள். முழங்கால் உயரத்துக்குச் செம்மண் தெறிப்பு, நிழல் பக்கமெல்லாம் பச்சைப் பாசி, ஜன்னலுக்குக் கீழே கறுப்புக் கோடு. அதைக் கழுவுகிற நாள் எனக்குத் திருவிழா! வழுக்காமல் என் பின்னாலேயே வாருங்கள், எட்டிப் பார்ப்போம்.

முதலில் மெஷினின் மூக்குகள்! பிரஷர் வொஷர் முனைகளுக்கு நிறம்தான் பெயர். சிவப்பு என்றால் 0 பாகை, ஊசித் தாரை. மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40 பாகை விசிறி. சிவப்பு முனையை ஒரு பழைய சீமெந்துக் கல்லில் காட்டினார்கள். வெறும் தண்ணீர் கல்லில் கோடு கீறியது! வாய் பிளந்து நின்றேன். கடை வாசல் கொங்கிரீட்டில் காய்ந்த சேற்றுக்கு விசிறி முனை அருமை. சுவருக்கு? “வேணாம் அண்ணே, பெயின்ட் உரிஞ்சிரும், ஓட்டுக்குள்ள தண்ணி ஏறிரும்” என்றார் வேலைக்காரத் தம்பி.

பாசியைக் கொல்வது வேகமில்லை, மருந்து. கடையில் கிடைக்கும் 5 வீத பிளீச் ஒரு பங்குக்கு 4 பங்கு தண்ணீர். முதலில் ஒரு மூலையில் பரீட்சை. பக்கத்துச் செடிகளுக்கு நிறையத் தண்ணீர். பிறகுதான் ரகசியம்: மருந்தைக் கீழிருந்து மேலாக அடிக்க வேண்டும், வழிந்த கோடு விழாது. காயவிடாமல் 10 நிமிடம். கழுவும்போது மேலிருந்து கீழ், சாதாரண ஹோஸ் போதும். பச்சை கரைந்து வெள்ளை எழும்புகிறதே, கை தட்டத் தோன்றும்! இங்கே கிணற்றில் கடின நீர். வெயிலில் காய்ந்தால் கண்ணாடியில் வெண்திட்டு. அதனால் விடியலிலேயே வேலை. பிளீச்சோடு டொய்லட் அசிட் கலக்கவே கூடாது, குளோரின் வாயு மூச்சை அடைக்கும்.

இப்படிச் சுவர் கழுவும்போது நம் மாவட்டத்துச் சிகிரியாவை நினைத்துக்கொள்கிறேன். 1967இல் யாரோ அங்குள்ள பாறை ஓவியங்களில் பச்சைப் பெயின்ட் பூசினார்கள். இத்தாலிய நிபுணர் லூசியானோ மரன்சி வந்து, மேலே பூசியதை நீக்கி, அடியிலிருந்த 5ஆம் நூற்றாண்டு வர்ணத்தைக் காப்பாற்றினார். எதை எடுப்பது, எதை விடுவது என்ற அந்த நிதானம்தான் நம் சுவருக்கும் வேண்டும்.

கூரை அஸ்பெஸ்டஸ் சீற்றாக இருந்தால், தயவுசெய்து மெஷினை அந்தப் பக்கம் திருப்பாதீர்கள். தாரை பட்டால் நார் உதிரும். அது நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது.