சண்டையா, சாப்பாடா?

1999-ல் வெளிவந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' கம்ப்யூட்டர் விளையாட்டில், 2022-ல் நம்ம ராஜேந்திர சோழனும் சேர்ந்துவிட்டார், தெரியுமா? சுருள்வாள் வீரர்கள்கூட உண்டு!

அவர்களை ஒவ்வொருவராக நகர்த்திச் சண்டை போடுவது ஜாலிதான். ஆனால், ஊரில் ஒரு கிராமவாசி உருவாக 25 விநாடி ஆகும். இரண்டரை நிமிடம் ஊரை மறந்தால், ஆறு பேர் குறைவு. வயலுக்கு ஆளில்லை, புதுப் படைக்குச் சாப்பாடும் இல்லை!

அதற்காகப் படையை அப்படியே விட்டுவிடவும் முடியாது. கல்லெறியும் எந்திரம் வந்தால், கூட்டமாக நிற்பவர்கள் மொத்தமாகக் காலி. உடனே பிரித்து நகர்த்தணும்.

ஒரு வழி: சண்டைக்கு முன்பே ஐந்து கிராமவாசிகளை வரிசையில் போட்டுவிடுங்கள். இரண்டு நிமிடம் ஊர் தானே நடக்கும். ஆனால், ஆளுக்கு 50 வீதம் 250 உணவு முதலிலேயே போய்விடும்!