வேலையோடு வரும் வீடு

தலவாக்கலையில் புகைவண்டியை விட்டிறங்கி, லிந்துலை வழியாக அக்கரப்பத்தனைக்குச் செல்லும் பஸ்ஸில் ஏறி அமர்ந்தால், கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலைதான். தோட்டங்களின் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே செல்வது நல்லதொரு பொழுதுபோக்கு. கிளாஸ்கோ என்கிறது ஒன்று. பெல்மோரல் என்கிறது மற்றொன்று. பெல்மோரலும் சாண்ட்ரிங்ஹமும் ஆங்கில அரச குடும்பத்தார் ஓய்வெடுக்கும் மாளிகைகளின் பெயர்கள். சாண்ட்ரிங்ஹம் நம்மவர் நாவில் புகுந்து சந்திரிகாமம் ஆகிவிட்டது. அவ்வளவில் அது நம் சொத்தாயிற்று என்று சொல்லலாம். மாளிகைப் பெயர் தாங்கிய அம்மண்ணில் மக்கள் குடியிருந்து வந்தது லயன் காம்பராக்களில் என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

அண்மையில் ஒரு மாலை, அன்பர் ஒருவரைக் காண அங்கு சென்றிருந்த நாம், மழை விடும்வரை அவர் வீட்டு இஸ்தோப்பில் அமர்ந்திருந்தோம். உயர்தர வகுப்பில் பயிலும் அவருடைய மகன், ஏதோ விண்ணப்பப் பத்திரம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, அதை நிரப்பாமல் கைத்தொலைபேசியில் படம் பார்த்துக்கொண்டிருந்தான். அமெரிக்காவில் முதிய தம்பதியர் இருவர் தம் வீட்டையே மோட்டார் வண்டியாக்கி ஊர் ஊராகச் செல்கிறார்கள். கோடை காலத்தில் ஒரு காட்டிலுள்ள கூடார முகாமில் வேலை. குளிர் தொடங்கியதும் வேறோர் ஊர், வேறு வேலை. அடுப்பு, கட்டில், குளியலறை, பூந்தொட்டி எல்லாம் வண்டிக்குள்ளேயே. பையன் வியந்து வியந்து பார்த்தான். அருகில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அவனுடைய அப்பாயியும் இறுதிவரை பார்த்தார். பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏன் தம்பி, இவங்களுக்குக் கடுதாசி எங்க வரும்?"

பையனுக்கு விடை தெரியவில்லை. நமக்கும் உடனே சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தபோதுதான், அம்மூதாட்டியார் விஷயத்தின் உயிர்நாடியிலேயே கை வைத்திருக்கிறார் என்பது புலனாயிற்று.

அமெரிக்கரின் வீட்டு வண்டி புதிய மோகம் அன்று. மோட்டார் கார் பரவத் தொடங்கிய காலத்திலேயே, காரின் பின்னால் கூடாரத்தையும் தகரத்தில் அடைத்த உணவையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டவர்கள், 1919இல் புளோரிடா மாநிலத்தின் தாம்பா நகரில் 'தகர டப்பா உல்லாசப் பயணிகள்' என்ற பெயரில் ஒரு சங்கமே அமைத்தார்கள். அவர்களுக்கு அது விடுமுறைக் களிப்பு. வண்டியையே நிரந்தரக் குடித்தனமாக்கிக்கொண்டு, பருவத்துக்குப் பருவம் வேலை தேடிச் செல்வோரின் கதை வேறு. 2008ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியில் வீட்டையும் சேமிப்பையும் இழந்த முதியோர் பலர், ஓய்வூதியம் வீட்டு வாடகைக்கே போதாமையால் இவ்வாழ்வில் இறங்கினர். ஜெசிக்கா புரூடர் என்ற பத்திரிகையாளர் இவர்களுடன் வாழ்ந்து பார்த்து 2017இல் ஒரு நூல் எழுதினார். அதனைத் தழுவி எடுத்த 'நோமட்லாண்ட்' என்னும் திரைப்படம் 2021இல் சிறந்த படத்துக்கான ஒஸ்கார் பரிசைப் பெற்றது.

இவர்களுடைய ஆண்டு ஒரு சக்கரம் போலச் சுழல்வது. மே மாதமளவில் மலைக்காட்டு முகாம்கள் திறக்கும்போது அங்கு காவலராக அமர்வார்கள். வருவோரைப் பதிவது, கட்டணம் வாங்குவது, கழிப்பிடம் கழுவுவது, அடுப்புக் குழியின் சாம்பலை அள்ளுவது, இரவில் கூச்சலிடுவோரை அடக்குவது ஆகிய அனைத்தும் அவர் பொறுப்பு. வண்டியை நிறுத்த இடமும், நீரும், மின்சாரமும் வேலையோடு சேர்ந்தே கிடைக்கும். கூலி சில இடங்களில் உண்டு, சில இடங்களில் அந்த இடமேதான் கூலி. அக்டோபரில் வடக்கு டகோட்டா, மின்னசோட்டா எல்லையில் சீனிக்கிழங்கு அறுவடை. நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலை. கிறிஸ்துமஸ் வியாபார நெருக்கடிக்கெனப் பண்டகசாலையில் பொதி கட்ட, அமேசான் கம்பனி 2008இலிருந்து பல ஆண்டுகள் இத்தகையோரையே திரட்டியது. பின்னர் அரிசோனாப் பாலைவனம். அங்கு குவாட்சைட் என்ற ஊரருகே அரசாங்க நிலத்தில், செப்டம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை வண்டியை நிறுத்திவைக்க அனுமதிச் சீட்டு வாங்கலாம். மற்றைய அரசாங்க வெளிகளில் பெரும்பாலும் பதினான்கு நாள்தான்; பதினைந்தாம் நாள் நகர்ந்தாக வேண்டும்.

பருவ வேலைக்காகப் புறப்படுவதும் பருவம் முடிந்ததும் திரும்புவதும் நம் மலையகத்தாருக்கு அந்நியமான சங்கதியா? நம் முன்னோர் இங்கு வந்ததே அப்படித்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இம்மலைகளில் கோப்பி பயிரிடப்பட்டது. கோப்பிப் பழம் பறிக்க ஆண்டில் சில மாதங்களுக்கே பெருங்கூட்டம் வேண்டும். அப்பருவத்தில் திருச்சி, மதுரை, தஞ்சை, சேலம், இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து கங்காணிமாரின் பின்னே ஆட்கள் புறப்பட்டு, தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, சுமார் 150 மைல் காட்டுவழி நடந்து மாத்தளையை அடைந்தார்கள். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டோர் பலர். மிஞ்சியோர் பழம் பறித்துச் சம்பளத்தை முடிச்சிட்டுக்கொண்டு, தை மாத நெல்லறுப்புக்கு ஊர் திரும்ப நினைத்தார்கள். 2023ஆம் ஆண்டில், அந்த வருகையின் இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அதே வழியில் ஒரு கூட்டத்தார் நடந்து சென்றதைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள்.

லயன் என்பது அந்தப் பருவக் கூட்டத்துக்காகக் கட்டிய கொட்டகை. சில மாதம் தங்கிச் செல்வோருக்கு அறை எதற்கு, யன்னல் எதற்கு என்ற கணக்கில் எழுந்தது அது. அமெரிக்க மொழியில் சொன்னால், கோடைக்கால முகாம்.

பின்னர் நடந்ததுதான் விசித்திரம். 1869இல் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலையில் ஒரு துரு நோய் காணப்பட்டது. இருபது ஆண்டுக்குள் கோப்பி அழிந்து, தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. தேயிலைக்குப் பருவம் கிடையாது. டிம்புள்ளைப் பகுதியில் சனவரி முதல் மார்ச் வரை தரமான தேயிலை கிடைக்கும் என்பது உண்மையே. ஆனால் கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்க்கும். வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை எடுக்காவிடில் முற்றிப்போகும். ஆதலால் வந்தவர் திரும்பவில்லை. ஆள் நிரந்தரமானார்; வேலை நிரந்தரமாயிற்று; கொட்டகை மட்டும் கொட்டகையாகவே நின்றது. பருவத்துக்கெனப் போட்ட கூரையின் கீழ் ஐந்தாறு தலைமுறை பிறந்து வளர்ந்தது.

அளவையும் சற்று ஒப்பிட்டுப் பார்த்தோம். காம்பரா ஒன்று பொதுவாகப் பத்தடிக்குப் பன்னிரண்டடி, அஃதாவது 120 சதுர அடி. அமெரிக்க வீட்டு வண்டியின் அகலம் எட்டரை அடி வரை இருக்கலாம். முப்பதடி நீள வண்டி எனின் 255 சதுர அடி. சக்கரத்தின் மேல் ஓடும் வீடு, நிலத்தில் நிற்கும் வீட்டைப்போல் இருமடங்கு! அதில் வசிப்போர் பெரும்பாலும் இருவர். காம்பராவில் எத்தனை பேர் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

ஆயினும் அளவு பெரிய வித்தியாசமன்று என்பது நம் அபிப்பிராயம். முகாம் வேலை பிடிக்காத அமெரிக்கர், சாவியைத் திருகி வீட்டோடு போய்விடுவார். வண்டி பழுதானால் அவர் பாடு திண்டாட்டம். நோயுற்றால் மருத்துவர் தூரத்தில். பெற்ற பிள்ளைகள் அதைவிடத் தூரத்தில். இவ்வளவு இருந்தும் கூரை அவருடையது. தோட்டத்து வீடோ வேலையோடு வந்தது. செக்ரோலில் பெயர் இருக்கும்வரை காம்பரா உண்டு. பெயர் வெட்டப்பட்டால் என்ன ஆகும் என்ற அச்சம் வீடுகளில் இன்றும் முற்றாக நீங்கவில்லை. மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான். மகள் ஆடைத் தொழிற்சாலையில் இருக்கிறாள். முழங்கால் வலியோடு தாய் மட்டும் அதிகாலையில் பெரட்டுக் களத்துக்குப் போகிறாள். ஏன் போகிறாள் என்று கேட்டால் சம்பளத்தை முதலில் சொல்லமாட்டாள். "வீட்டுக்கு ஒரு பேராவது இருக்கணுமே" என்பாள். இப்பதிலை நாம் ஒரு தாயின் வாயிலிருந்து மட்டும் கேட்கவில்லை.

1964இல் ஏற்பட்ட ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குச் சென்றவரிலும் ஒரு பகுதியினரை இதுவே பின்தொடர்ந்தது. அவர்களுக்கென 1968இல் நீலகிரியில் தமிழக அரசு தேயிலை பயிரிடத் தொடங்கியது. கூடலூர், கோத்தகிரிப் பக்கங்களில் வேலை கிடைத்தது. வேலையோடு வீடும் கிடைத்தது. ஓய்வு பெறும் நாள் வந்ததும் பழைய கேள்வி அங்கும் எழுந்தது. 2024இல் திருநெல்வேலி மாஞ்சோலையில், தேயிலைக் கம்பனி விலகியபோது, பல தலைமுறை வாழ்ந்த குடும்பங்கள் குடியிருப்பைக் காலி செய்யும் நிலைக்கு வந்து நீதிமன்றப் படியேறியதும் இதே கேள்வியால்தான்.

இனி அப்பாயியின் கடுதாசிக்கு வருவோம். வண்டிவாசிகள் அதற்கொரு வழி கண்டிருக்கிறார்கள். டெக்சாஸ், புளோரிடா, தெற்கு டகோட்டா ஆகிய மாநிலங்களில், அவர்களுக்கு வரும் தபாலைப் பெற்று, அவர்கள் இருக்கும் ஊருக்கு அனுப்பிவைக்கும் நிலையங்கள் உள்ளன. அந்நிலையத்தின் விலாசமே அவர்களின் விலாசம். தெற்கு டகோட்டாவில் இத்தகைய விலாசத்தோடு, ஒரேயோர் இரவு அங்கு தங்கியதற்கான பற்றுச்சீட்டைக் காட்டினால் சாரதி அனுமதிப்பத்திரமே தந்துவிடுவார்கள்! ஆனால் வாக்களிப்பதற்கு ஓர் இரவு போதாதென 2023இல் சட்டம் செய்து, முப்பது நாள் வசிப்பைக் கேட்டார்கள். 'நீர் எந்த ஊர்க்காரர்?' என்ற கேள்வி வாக்குச்சீட்டு என்று வரும்போதுதான் கூர்மையடைகிறது போலும்.

இதைப் படித்தபோது நமக்கு நம் வரலாறே கண்முன் நின்றது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் மலைநாட்டிலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரசின் உறுப்பினர் எழுவர் பாராளுமன்றம் சென்றனர்; தலவாக்கலைத் தொகுதியின் உறுப்பினர், பிற்காலத்தில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற சி. வி. வேலுப்பிள்ளை. மறுவருடம் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது; அதற்கு அடுத்த வருடம் வாக்குரிமையும் போயிற்று. உரிமை வேண்டுவோர் இந்நாட்டில் இடைவிடாது வசித்ததை நிரூபிக்க வேண்டுமென்றனர்: மணமானவர் ஏழு ஆண்டு, மணமாகாதவர் பத்து ஆண்டு. ஒரே தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இந்தியாவில் தங்கியிருந்தால் வசிப்பு அறுந்ததாகக் கணக்கு. வீட்டுப் பத்திரம் இல்லை, வாடகைச் சீட்டு இல்லை, சொந்த விலாசம் இல்லை. தோட்டத்துப் பதிவேடுதான் சாட்சி. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்ததில், உரிமை பெற்றோர் ஒன்றரை லட்சத்துக்கும் குறைவு. ஓர் அடி நிலம்கூட நகராத மனிதர், தாம் நகரவில்லை என்று காட்ட முடியாமற் போனார்கள். எஞ்சியோர் பிரச்சினை தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க நேர்ந்தது.

பிரஜாவுரிமை வந்துவிட்டது, விலாசம் இன்னும் முழுமையாக வரவில்லை. பல தோட்டங்களில் இன்றும் தபால், கட்டாகத் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்து கைமாறிக் கைமாறி லயனுக்கு வருகிறது. நாம் அறிந்த ஒரு பெண், ஆசிரியத் தொழிலுக்கான நேர்முகப் பரீட்சை அழைப்பைப் பெற்றது, பரீட்சை நடந்து நான்கு நாள் கழித்து. கடிதம் எங்கே தங்கிற்று என்று விசாரித்தும் பயனில்லை. எல்லோரும் "எங்கள் கையில் இல்லை" என்றனர். ஒரே இல்லத்துப் பெயருடைய மூவர் ஒரே லயனில் இருந்ததும் காரணம் என்கிறார்கள். இருக்கலாம்.

அண்மைக்கால மாற்றத்தையும் சொல்லாமல் விடுவது நியாயமன்று. இந்திய அரசின் உதவியில் மலையகத்துக்கு முதலில் 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. 2017 மே மாதம் நோர்வுட் கூட்டத்தில் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். தனி வீடு, ஏழு பேர்ச்சஸ் நிலம். ஏழு பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. பதினைந்து காம்பராக்கள் அடங்கும் இடம். அத்தகைய வீட்டுக்குக் குடிபோன ஒருவர், வாசலில் இலக்கப் பலகை அடித்துவிட்டு, அதைத் தம் கைத்தொலைபேசியில் படம்பிடித்து நமக்குக் காட்டினார். வீட்டைப் படம்பிடிக்கவில்லை; பலகையைத்தான். கட்டி முடிந்தவை தேவைக்கு முன் சொற்பமே. உறுதிப்பத்திரத்துக்குக் காத்திருப்போரும் இருக்கிறார்கள்.

அன்று மழை விடும்போது இருட்டிவிட்டது. பையன் கைத்தொலைபேசியை மூடிவைத்துவிட்டு விண்ணப்பப் பத்திரத்தை எடுத்தான். 'நிரந்தர முகவரி' என்ற இடத்தில் பேனா நின்றது. தோட்டத்தின் பெயரை எழுதினான், டிவிஷனை எழுதினான், பிறகு அப்பாயியின் முகத்தைப் பார்த்தான்.

"உங்க அம்மா பேரு மூலமா-னு போடு தம்பி" என்றார் அவர். "ஆபீசுல அந்தப் பேருதான் தெரியும்."

பையன் அவ்வாறே எழுதினான். தாய் இன்னும் மலையிலிருந்து இறங்கவில்லை.